இந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் ஒரு வாசகருக்கு நாலே வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். தேவன் மாறாதவர், ஆனால் அவர் மனிதரோடு இடைப்பட்ட விதமும் மனிதரிடம் ஒப்படைத்த பொறுப்பும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை, அதனால் ஒரு வசனத்தை எடுக்கும்போது அது யாருக்கு, எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள், இஸ்ரவேலுக்குச் சொன்னதைச் சபைக்குச் சொன்னதாக மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். டிஸ்பென்சேஷனல் முறை என்று ஊழியர்கள் சொல்வது இதைத்தான். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் கோபப்பட்டார்கள், ஒரு சகோதரி அழுதபடியே எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது எனக்கு "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனம் வந்தது. வருஷம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். மகனுக்கு வேலை போய்விட்டது, வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். என் விசுவாசம் போதாது என்கிறார்கள். நீங்களோ அது இஸ்ரவேலருக்குச் சொன்னது என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கென்று என்னதான் மிச்சம்? – ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசத்தில் குறை என்று சொன்னவர்கள் சொன்னது தவறு. அந்த வசனம் இருக்கும் உபாகமம் 28ஆம் அதிகாரத்தை முழுதாக உட்கார்ந்து வாசித்தால் அவர்களுக்கே அது தெரிந்திருக்கும்.

யோர்தானைக் கடந்து கானானுக்குள் போகப்போகிற ஒரு ஜனத்தோடு மோசே பேசுகிறார். அவர்கள் ஒரு தேசம். அவர்களுக்கு நிலம் உண்டு, அந்த நிலத்துக்கு மழை வேண்டும், எல்லைக்கு அப்பால் எதிரிகள் உண்டு. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால் மழை பெய்யும், களஞ்சியம் நிறையும், எதிரி ஏழு வழியாய் ஓடிப்போவான், மற்ற ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், தலையாவாய். இதெல்லாம் முதல் 14 வசனங்களில். 15ஆம் வசனத்திலிருந்து 68 வரைக்கும், அதாவது 54 வசனங்கள், கீழ்ப்படியாமற்போனால் வரும் சாபங்கள். பஞ்சம், கொள்ளைநோய், முற்றிக்கை, சிறையிருப்பு. இரண்டும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு பக்கங்கள், பிரிக்கவே முடியாது. இந்த 54 வசனங்களில் ஒன்றை அட்டையில் அச்சடித்து யாரும் கொடுத்ததில்லை. முதல் 14 நமக்கு, மீதி 54 யூதருக்கு என்று பிரிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எரேமியா 29:11ம் அப்படித்தான். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்தை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன ஒரு கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதம் வந்த அன்று அதைக் காதால் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை, பாபிலோனிலேயே செத்து அடக்கம்பண்ணப்பட்டிருப்பார்கள். "இந்த வருஷம் உனக்கு நல்ல வேலை கிடைக்கும்" என்பதற்கும் அந்தக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, அதில் எழுதியிருக்கும் மணியார்டர் நமக்கு வரவில்லையே என்று அழுவது போலத்தான் இது.

சரி, அப்படியானால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்றால் கூடவே கூடாது. முன்பு எழுதப்பட்டவை எல்லாம் நம்முடைய போதனைக்காகவே எழுதப்பட்டன என்று பவுல் ரோமர் 15:4இல் சொல்கிறார். நம்மிடம் சொல்லப்படாத வசனமும் நமக்குப் பிரயோஜனமாகவே எழுதப்பட்டிருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். சிறையிருப்பில் கிடந்த ஜனத்தை தேவன் மறக்கவில்லை, 70 வருஷம் ஆனாலும் சொன்னதைச் செய்தார். அந்த தேவனே உங்கள் தேவன். இது போதாதா என்று கேட்க மாட்டேன், உங்கள் கஷ்டம் பெரியது. ஆனால் இது உண்மை, உடையாத உண்மை.

உங்களுக்கென்று மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். சபைக்கு நேரடியாகவே எழுதப்பட்ட ரோமர் 8ஆம் அதிகாரத்தை எடுங்கள். அங்கே பசியும் நிர்வாணமும் நாசமோசமும் வராது என்று சொல்லவில்லை, அவை எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று சொல்கிறது. அதை எழுதிய பவுலே பசியும் தாகமும் குளிரும் நிர்வாணமும் பட்டவர், 2 கொரிந்தியர் 11இல் பட்டியலே போட்டிருக்கிறார். அவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? உங்கள் வீட்டுக்காரருக்காகவும் மகனுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். தாராளமாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அது உங்கள் குற்றம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறையே 1830வாக்கில் டார்பி என்பவர் கண்டுபிடித்தது, அதற்கு முன் 1800 வருஷம் சபைக்கு அது தெரியாது என்று இறையியல் கல்லூரியில் படிக்கும் என் நண்பன் சொல்கிறான். ஏழு காலங்கள் என்பது வேதத்தில் எங்கே இருக்கிறது? – ஒரு வாசகர், மதுரை

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை நாம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜான் நெல்சன் டார்பி அயர்லாந்து திருச்சபையில் குருவானவராக இருந்தவர், விக்லோ மலைப்பகுதியில் ஏழை ஜனங்களிடையே ஊழியம் செய்தவர். 1827இல் குதிரை விபத்தில் காயப்பட்டுப் படுத்திருந்த மாதங்களில் ஏசாயா 32ஐ வாசிக்கும்போது, இஸ்ரவேலுக்குப் பூமியில் வரப்போகிற ஒரு காலமும், பரலோகத்தில் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்ட சபையின் நிலையும் வெவ்வேறு என்று அவருக்குத் தோன்றியது. 1831 முதல் பவர்ஸ்கோர்ட் சீமாட்டியின் ஆதரவில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இது விரிவாகப் பேசப்பட்டது. பிறகு அவர் பலமுறை வட அமெரிக்கா போய்ப் பிரசங்கித்தார், அங்கே வேதாகம மாநாடுகள் வழியாக இது பரவியது. கான்சாஸில் வழக்கறிஞராக இருந்து பின்பு போதகரான ஸ்கோஃபீல்டு, 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட தம்முடைய குறிப்பு வேதாகமத்தில் ஏழு காலங்களை வசனத்துக்குக் கீழேயே அச்சடித்துக் கொடுத்தார். குற்றமில்லாமை, மனச்சாட்சி, மனித அரசாட்சி, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்ற அந்த வரிசையைத்தான் நம் ஊர் கன்வென்ஷன் பந்தல்களிலும் நீளத் துணியில் வரைந்து தொங்கவிட்டார்கள். 1924இல் சேஃபர் தொடங்கிய டல்லஸ் இறையியல் கல்லூரி இதைப் பாடத்திட்டமாகவே ஆக்கியது.

இப்போது மறுபாதி. கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்ற நம்பிக்கை டார்பிக்கு வெகுகாலம் முந்தியது. 2ஆம் நூற்றாண்டில் ஆதிச்சபை ஆசிரியர்களான ஜஸ்டினும் இரேனியூஸும் அப்படியே நம்பினார்கள். அகஸ்டீனும் முதலில் அதை ஏற்றவர், பிற்பாடுதான் மாறினார். மேற்கத்திய சபை அவர் பின்னே போயிற்று. ஆனால் ஜஸ்டின் சபையை மெய்யான இஸ்ரவேல் என்றும் சொன்னவர் என்பதை நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். இஸ்ரவேல் வேறு சபை வேறு என்று முழு வேதத்தையும் அந்தக் கோட்டில் வரிசைப்படுத்தியதும், கடைசிக் காலத்தில் பூமியில் வரும் பெருந்துன்பமான உபத்திரவத்துக்கு முன் சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அதோடு இணைத்ததும் டார்பி காலத்து வேலைதான். அதை ஒப்புக்கொள்ளலாம். பிந்தி வந்தது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது, வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

ஏழு என்ற எண்ணிக்கை வேதத்தில் இல்லை, அது ஒரு வசதிக்கான பிரிப்பு. மூன்று, நான்கு என்று பிரித்தவர்களும் உண்டு. எண்ணிக்கைக்காக நான் யாரோடும் சண்டை போடமாட்டேன். ஆனால் பிரிவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நாம் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. காலங்களைப் பகுத்துப் பார்ப்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது நாசரேத் ஜெப ஆலயத்தில் நடந்ததைத்தான். லூக்கா 4இல் இயேசு ஏசாயா 61ஐ வாசிக்கிறார், கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்ற இடம் வரைக்கும் வாசித்துவிட்டு, அதே வசனத்தில் அடுத்து வரும் நீதியைச் சரிக்கட்டும் நாள் என்பதை வாசிக்காமல் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, இந்த வேதவாக்கியம் இன்று நிறைவேறிற்று என்கிறார். ஒரே வசனத்தின் முதல் பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே இதோ 2000 வருஷம் ஓடிவிட்டது. ஏசாயாவை வாசித்த யாருக்கும் அந்த இடைவெளி தெரிந்திருக்க முடியாது, கர்த்தரே வந்து காட்ட வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. ஸ்கோஃபீல்டின் குறிப்புகள் வசனத்துக்குக் கீழே அச்சானதால், எது வசனம் எது குறிப்பு என்ற வித்தியாசமே தெரியாமல் மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. துணியில் வரைந்த வரைபடம் வசனத்துக்குக் கீழ்ப்பட்டே இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஏற்பாட்டுக் காலத்தில் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்கள், இப்போது கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம் என்பதுதானே உங்கள் முறை? – ஒரு சகோதரர், பாளையங்கோட்டை

இல்லவே இல்லை. எந்தக் காலத்திலும் மனிதன் இரட்சிக்கப்பட்டது தேவ கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு, கிறிஸ்துவின் இரத்தத்தின் நிமித்தம். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15இல், மோசேக்கும் சீனாய் மலைக்கும் வெகு முன்பே. நியாயப்பிரமாணத்தின் கீழே இருந்த தாவீதையும் அதே வரிசையில் வைத்துத்தான் ரோமர் 4 பேசுகிறது. காளைகளின் இரத்தம் பாவத்தைப் போக்காது என்று எபிரெயர் 10 சொல்லிவிட்ட பிறகு வேறு வழி ஏது?

ஆனால் இந்தக் குற்றச்சாட்டு காற்றில் வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யோவான் 1:17க்கு ஸ்கோஃபீல்டு எழுதிய குறிப்பு, நியாயப்பிரமாணக் கீழ்ப்படிதல் முன்பு இரட்சிப்பின் நிபந்தனையாக இருந்தது போலப் படிக்கும்படி அமைந்துவிட்டது. 1967 பதிப்பில் அதைத் திருத்தி எழுதினார்கள். திருத்தியது நல்லது, இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும். காலத்துக்குக் காலம் மாறுவது இரட்சிப்பின் வழி என்று எண்ண வேண்டாம். தேவன் எவ்வளவு வெளிப்படுத்தியிருக்கிறார், நம்மிடம் என்ன பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் மாறுகிறது.

கேள்வி: நியாயப்பிரமாணம் இஸ்ரவேலுக்கு என்கிறீர்கள். பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகம்? எங்கள் பாஸ்டர் மல்கியா 3ஐக் காட்டி, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறவன், சாபத்துக்குள்ளானவன் என்று மேடையிலிருந்தே சொல்கிறார். கடனில் இருக்கிற குடும்பங்களும் பயந்து கொடுக்கிறார்கள். – ஒரு வாசகர், மட்டக்களப்பு

இந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் வருகிறது, இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இஸ்ரவேலில் லேவி கோத்திரத்துக்கு மற்றவர்களைப் போலப் பங்கு நிலம் கிடையாது. ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்குப் பதிலாக ஜனங்களின் தசமபாகம் அவர்களுக்குச் சுதந்தரம் என்று எண்ணாகமம் 18 சொல்கிறது. லேவியரும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்கை ஆசாரியனுக்குக் கொடுத்தார்கள். உபாகமம் 14ஐ வாசித்தால் இன்னொன்று தெரியும். விளைச்சலின் தசமபாகத்தைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே குடும்பத்தோடு புசித்துச் சந்தோஷப்படச் சொல்கிறது. தூரமாயிருந்தால் பணமாக்கிக்கொண்டு போய் மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்தின் முடிவில் அதை ஊர் வாசலிலேயே வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் திருப்தியாகச் சாப்பிட வேண்டும். மேடையில் இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறீர்களா? நான் மிக அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

தசமபாகங்களைக் கொண்டுவாருங்கள் என்று மல்கியா 3 சொல்லும் பண்டசாலை தேவாலயத்தின் தானிய அறை. ஏறக்குறைய அந்தக் காலத்து நிலையை நெகேமியா 13இல் பார்க்கலாம், பங்கு வராததால் லேவியர் ஆலயத்தைவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போய்விட்டார்கள். அந்தச் சூழ்நிலையில், உபாகமம் 28இன் சாபத்தின் கீழ் ஏற்கெனவே இருந்த ஒரு தேசத்தோடு தீர்க்கதரிசி பேசுகிறார். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொன்ன பிறகு, அதே சாபத்தை எடுத்து ஒரு விதவையின் தலைமேல் வைக்க எந்த ஊழியனுக்கும் உரிமை இல்லை. ஓய்வுநாள் யூதருக்கு, பன்றி இறைச்சி விலக்கு யூதருக்கு, விருத்தசேதனம் யூதருக்கு, தசமபாகம் மட்டும் நமக்கு என்று போதிப்பது என்ன நியாயம்?

ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், யுத்தத்தில் கிடைத்த கொள்ளையிலிருந்து, மெல்கிசேதேக்குக்கு. தொடர்ந்து மாதாமாதம் கொடுத்ததாக வேதம் சொல்லவில்லை. விருத்தசேதனமும்தான் மோசேக்கு முன்பே ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்டது, அதை ஏன் விட்டுவிட்டோம்?

அப்புறம், சபைக்குச் சொன்னது என்ன? வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்க வேண்டும், விசனமாயும் அல்ல கட்டாயமாயும் அல்ல, மனதில் நியமித்தபடி கொடுக்க வேண்டும். இது குறைந்த அளவு என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள் என்று பவுல் எழுதுகிறார். வசதியுள்ளவர் பத்து சதவீதத்தோடு நின்றுவிட்டால் அதுதான் கவலைப்பட வேண்டியது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவருக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்பதும் சபைக்குச் சொன்ன கட்டளையே, ஆகவே உங்கள் பாஸ்டரைப் பட்டினி போடாதீர்கள். கடனில் இருக்கிற குடும்பம் முதலில் கடனை அடைக்கட்டும். அவரிடம் தனியாகப் போய், மரியாதையோடு, இந்த வசனங்களைத் திறந்து வைத்துப் பேசுங்கள். சபை நடுவே எழுந்து கேட்க வேண்டாம்.

கேள்வி: மலைப்பிரசங்கம் வரப்போகிற ராஜ்யத்தின் சட்டம், சபைக்கு அல்ல, கர்த்தருடைய ஜெபத்தையும் நாம் சொல்லக்கூடாது என்று எங்கள் கூடுகையில் ஒருவர் போதிக்கிறார். – ஒரு சகோதரி, கோயம்புத்தூர்

யாருக்குச் சொன்னது என்ற கேள்வியை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் இங்கேதான் வந்து நிற்கும். ஸ்கோஃபீல்டு மலைப்பிரசங்கத்தை முதன்மையாக ராஜ்யத்துக்குரியது என்றார், ஆனால் அதன் ஒழுக்கம் கிறிஸ்தவனுக்கும் பொருந்தும் என்று அவரும் விட்டுவைத்தார். பின்னால் வந்த சிலர்தான் கதவையே சாத்திவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், வலது கன்னத்தில் அறைகிறவர்களும் துன்பப்படுத்துகிறவர்களும் நீதியினிமித்தம் பாடுபடுவதும் கிறிஸ்து சிங்காசனத்தில் அமர்ந்து அரசாளும் ஆயிரவருஷத்துக்கா பொருந்தும்? இப்போது நாம் வாழும் காலத்துக்குத்தானே? சத்தியம்பண்ணாதிருங்கள் என்பதை யாக்கோபு 5:12 சபைக்குத் திரும்பச் சொல்கிறது. துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்பதைப் பவுல் ரோமர் 12இல் சொல்கிறார். நான் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளும்படி உபதேசம்பண்ணுங்கள் என்று கர்த்தர் பரமேறும் முன் சகல ஜாதிகளையும் பற்றிச் சொன்னார், அந்த "யாவையும்" என்பதில் மலைப்பிரசங்கம் கட்டாயம் உண்டு.

நீங்கள் பிள்ளைகளோடு கர்த்தருடைய ஜெபத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: 1948இல் இஸ்ரேல் உருவானது அத்திமரம் துளிர்த்தது, அந்தச் சந்ததி ஒழிந்துபோகுமுன் கிறிஸ்துவின் வருகை என்று கணக்குப் போட்டு வீடியோ வருகிறது. இஸ்ரேல் எது செய்தாலும் ஆதரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாபம் என்றும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து? – ஒரு வாசகர், சென்னை

1948 மே 14 அன்று நடந்தது சிறிய காரியம் இல்லை. இஸ்ரவேல் ஜனத்துக்குத் தேவன் கொடுத்த அழைப்பு மாறாதது என்று ரோமர் 11 சொல்கிறது, அதை நான் அப்படியே நம்புகிறேன். உயிர்த்தெழுந்த கர்த்தரிடம் சீஷர்கள், இக்காலத்திலா இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தைத் திரும்பக் கொடுப்பீர் என்று கேட்டபோது, அப்படி ஒரு ராஜ்யமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வேளைகளையும் காலங்களையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்றார். முதல் பகுதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பகுதியை மீறுகிறவர்களைத்தான் நீங்கள் வீடியோவில் பார்க்கிறீர்கள். ஒரு சந்ததி 40 வருஷம் என்று 1948ஓடு 40ஐக் கூட்டி, 1988இல் வருகை என்று 88 காரணங்கள் சொல்லி அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது, லட்சக்கணக்கில் பரவியது. 1988 போயிற்று. பிறகு சந்ததி என்றால் 70 வருஷம், 80 வருஷம் என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். வேதத்தை எழுத்தின்படி எடுக்கிறோம் என்று சொல்கிற நாம், அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்பதை எழுத்தின்படி எடுக்காமல் போவது எவ்வளவு வெட்கமான காரியம்! எத்தனை பிள்ளைகள் இந்தக் கணக்குகளை நம்பிப் படிப்பை விட்டார்கள், பிறகு நம்பிக்கையையே விட்டார்கள்.

இன்றைய அரசாங்கத்தைப் பற்றி. தேவன் ஒரு ஜனத்தைத் தெரிந்துகொண்டார் என்பதால் அதன் ஆட்சியாளர் செய்வதெல்லாம் நீதியாகிவிடாது. ஆமோஸ் 3:2ஐ வாசியுங்கள், உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால்தான் உங்கள் அக்கிரமங்களை விசாரிப்பேன் என்கிறார். தெரிந்தெடுப்பு கூடுதல் கணக்கு கேட்கும். உன் தேசத்தில் தங்கும் அந்நியனை உன்னைப்போல நேசி என்று லேவியராகமம் 19 அவர்களுக்கே கட்டளையிட்டது. பெத்லெகேமிலும் காசாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவை ஆராதிக்கும் அரபுக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தில் நம்மோடு அவயவங்கள். யூதருக்காக ஜெபியுங்கள், அவர்களை வெறுக்கிற பேச்சு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள், அதே முழங்காலில் பாலஸ்தீனக் குழந்தைகளுக்காகவும் ஜெபியுங்கள். தீர்க்கதரிசனத்தை நம்புவதற்கு இதில் எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: பவுலின் சிறையிருப்பு நிருபங்கள் மட்டுமே சபைக்கு உரியவை, ஞானஸ்நானமும் திருவிருந்தும் யூதருக்குரியவை என்கிறார் என் உறவினர். – ஒரு வாசகர், பெங்களூரு

புல்லிங்கர் என்ற ஆங்கிலேய அறிஞர் வழியாக வந்த போதனை இது. அப்போஸ்தலர் 28க்குப் பிறகே சபை தொடங்கியது என்பார்கள். புறஜாதியார் நிறைந்த கொரிந்து சபைக்குத்தான் பவுல், கர்த்தர் வருமளவும் இந்த அப்பத்தைப் புசியுங்கள் என்று எழுதினார். சிறையிலிருந்து எழுதிய கொலோசெயரிலும் ஞானஸ்நானம் வருகிறது. உறவினரோடு வாதாடிச் சோர்ந்துபோக வேண்டாம்.

கேள்வி: எரேமியா 31 புதிய உடன்படிக்கையை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்வேன் என்கிறது. உங்கள் முறைப்படி அதுவும் நமக்கு இல்லையே? – ஒரு போதகர், திருச்சி

ஐயா, நம் முறையில் இருக்கும் மிகக் கடினமான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். சேஃபர் இதற்காக இஸ்ரவேலுக்கு ஒன்று சபைக்கு ஒன்று என்று இரண்டு புதிய உடன்படிக்கைகள் உண்டு என்றார். வேதத்தில் அதற்கு ஆதாரம் காண்பது கஷ்டம், அவர் வழியில் வந்தவர்களே பெரும்பாலும் அதைக் கைவிட்டார்கள். கர்த்தர் பாத்திரத்தை எடுத்து, இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்றார், அந்தப் பாத்திரத்தில்தான் நாம் பானம்பண்ணுகிறோம். எபிரெயர் 8 அதே எரேமியாவை முழுதாக எடுத்துப் போடுகிறது.

1980களிலிருந்து பிளேசிங், பாக், சாசி போன்ற டிஸ்பென்சேஷனல் இறையியலாளர்கள் இதைச் சரியாக எதிர்கொண்டார்கள் என்பது என் எண்ணம். உடன்படிக்கை ஒன்றே, அதன் ஆவிக்குரிய ஆசீர்வாதம் இப்போதே யூதருக்கும் புறஜாதியாருக்கும் கிறிஸ்துவில் கிடைத்துவிட்டது, இஸ்ரவேல் தேசத்துக்குச் சொன்ன மீதி வருங்காலத்தில் நிறைவேறும் என்றார்கள். பழைய வரைபடத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கோட்டைத் தாண்டியது போலத் தெரியும். எனக்கு அது வசனத்துக்கு நெருங்கி வந்தது போலத்தான் தெரிகிறது.

கேள்வி: என் மகளுக்கு நல்ல வரன் வந்தது. பையன் இரட்சிக்கப்பட்டவன், குணமானவன். ஆனால் அவர்கள் சபையில் உபத்திரவத்துக்குப் பிறகே வருகை என்று போதிக்கிறார்கள். எங்கள் மூப்பர் வேண்டாம் என்கிறார். எது சரியான உபதேசம்? – ஒரு தகப்பனார், தூத்துக்குடி

உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்றே நானும் நம்புகிறேன். தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்ற 1 தெசலோனிக்கேயர் 5:9, சோதனைக்காலத்துக்குத் தப்பும்படி உன்னைக் காப்பேன் என்ற வெளிப்படுத்தல் 3:10, எந்த அடையாளத்துக்கும் காத்திராமல் எப்போதும் ஆயத்தமாயிருக்கச் சொல்லும் வசனங்கள், இவை என்னை அந்தப் பக்கம் நிறுத்துகின்றன. ஆனால் இது பல வசனங்களைச் சேர்த்து வந்து சேரும் முடிவு. உபத்திரவம் முடிந்த உடனே என்று தொடங்கும் மத்தேயு 24:29-31ஐ மற்றவர்கள் காட்டும்போது, அவர்கள் வேதத்தை வாசிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. டார்பியோடு இங்கிலாந்தின் பிளைமவுத் ஊர்க் கூடுகையில் இருந்த நியூட்டனும், புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்வதில் பேர்பெற்ற திரெகெல்லஸும் இதே காரியத்தில் அவரோடு ஒத்துப்போகவில்லை. டார்பியின் பழைய நண்பரும், 1833இல் பாக்தாத்திலிருந்து நம் தென்னிந்தியாவுக்கு வந்தவருமான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1836இலேயே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்துவின் ஜீவன் நமக்குள் இருப்பதை வைத்துச் சேர்ந்திருந்த நாம், எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை வைத்துச் சேரவும் பிரியவும் தொடங்கிவிடுவோமோ என்று அதில் வருத்தப்பட்டார். அவர் பயந்தது போலவே கூடுகைகள் உடைந்தன, இன்றும் உடைந்துகொண்டிருக்கின்றன. 2ஆம் நூற்றாண்டு ஜஸ்டினும், ஆயிரவருஷ அரசாட்சியைத் தாம் நம்புவதாகச் சொல்லிவிட்டு, பக்தியுள்ள மெய்க்கிறிஸ்தவர் பலர் வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்றும் சேர்த்தே சொன்னார்.

கர்த்தருக்குட்பட்டவனைக் கலியாணம்பண்ணலாம் என்பதுதான் சபைக்குச் சொன்ன கட்டளை, 1 கொரிந்தியர் 7:39. வருகையின் கால வரிசை அதில் இல்லை. மூப்பரை மதித்து, அவரிடம் நேரில் போய் இதைப் பேசுங்கள், அவருக்கு வேறு காரணம் ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள். பையன் வேலை இடத்தில் எப்படி, கோபம் எப்படி, கடன் உண்டா, வரதட்சணை கேட்கிறார்களா என்று நன்றாக விசாரியுங்கள். திருமணத்துக்குப் பின் எந்தச் சபைக்குப் போவார்கள் என்பதை இரு வீட்டாரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை, முதலில் அவளைக் கேளுங்கள்.